குடைத்துணிக் கொடி

நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய கிரெய்கிபர்னில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி குரோஷியாக்காரி. பெரிய நாடொன்று உடைந்து தன் நாடு பிறந்த நாளுக்கு வருடாவருடம் வாசலில் கொடி கட்டுவாள். இன்று அது காற்றில் படபடத்ததை வேலியருகே நின்று பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு சுதந்திர தினத்தன்று, இது தமிழருக்கு வந்த சுதந்திரம் இல்லை என்று அப்பா தன் குடைத்துணியை வெட்டிக் கூரையில் கறுப்புக் கொடி கட்டினார். பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டதும் அம்மா அதை இழுத்தெடுத்து, என் சட்டைக்குள்ளே இடுப்பில் சுற்றினாள்.

“அசையாதை பிள்ளை. கண்டாங்களெண்டால் அப்பாவைக் கொண்டுபோயிடுவாங்கள்.”

குடைக்கம்பியை ஒளிக்க மறந்துவிட்டோம். அது மூலையில் எலும்புக்கூடு மாதிரிக் கிடந்தது. பொலிஸ்காரன் அதைத் தூக்கிப் பார்த்தான்.

“துணி எங்க?”

“காத்து அடிச்சுக்கொண்டு போயிட்டுது, ஐயா,” என்றாள் அம்மா.

அவன் என்னைப் பார்த்தான். நான் அழவில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. ஜீப் அப்பா இல்லாமலே திரும்பிப் போனது.

“உன்னுடைய கொடி எங்கே?” என்று வேலிக்கு மேலால் சிரித்தபடி கேட்டாள் குரோஷியாக்காரி.

என் கை தானாக இடுப்பைப் பொத்திக்கொண்டது.