அம்மாவுக்காக மாற்றிய ஸ்பிரிங்

யுவன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார்தான். இரண்டு கதவு, இரண்டே இருக்கை உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூரில் ஒருவர் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. அப்போது யுவனுக்கு முப்பத்திரண்டு வயது. திருப்பூரில், காங்கேயம் சாலையை ஒட்டி அப்பா திருமூர்த்தி தொடங்கிய, பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த வருடம் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன், பிறகு திரும்பிப் போகவே இல்லை. எட்டு மெஷின்கள், இரண்டு ஷிஃப்ட், எந்நேரமும் தலைமுடியில் நூல் பஞ்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காரைக் கழுவும்போதுதான் அவன் முகத்தில் வயது குறையும்.

வாங்கிய மாதமே வண்டியைத் தாழ்த்த ஆசைப்பட்டான். தாராபுரம் சாலையில் சஸ்பென்ஷன் வேலைக்கென்றே பட்டறை வைத்திருக்கும் நஜீமுதீனிடம் போய், ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்துவிடச் சொன்னான். அவர் மாட்டேன் என்றார்.

“நிக்கிறப்ப அழகாத்தான் இருக்குமுங்க தம்பி. ஓடுறப்ப ஷாக் அப்சார்பர் எறங்க எடமே இருக்காது. ஒரு குழியில உழுந்தா அந்த அடி அப்படியே உக்காந்திருக்கறவங்க முதுகுக்குப் போகும்.”

யுவன் வேறு பட்டறைக்குப் போய் அறுத்துக்கொண்டு வந்தான். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழையும். திருமூர்த்தி சுற்றிவந்து பார்த்துவிட்டு, “எருமை படுத்துக் கெடக்கறாப்ல இருக்குது” என்றார். அம்மா சாரதாமணி மட்டும் சிரித்துக்கொண்டே, “என்ற பையனுக்குப் புடிச்சிருக்குதுல்ல, உடுங்க” என்றாள்.

அடுத்த வருடம் ஆவணியில் வெள்ளகோவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை விழா. வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு திருமூர்த்தி ஈரோட்டுக்குப் போயிருந்தார். அதனால் யுவன் அம்மாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டான். பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவ்வளவு கீழே குனிந்து உட்காரவே அவளுக்குச் சிரமமாக இருந்தது. உட்கார்ந்ததும், “ரோடு கைக்கு எட்டுது கண்ணு” என்று சிரித்தாள்.

வழியில் புதிதாகப் போட்ட ஒரு வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு அடித்திருக்கவில்லை. யுவன் பார்த்தபோது பிரேக்கை மிதிக்க நேரமில்லை. வண்டி எழும்பி, அடித்தட்டு சாலையில் மோத ‘டொக்’கென்று விழுந்தது. சாரதாமணி ஒரே ஒரு முறை கத்தினாள். அதன் பிறகு அவளால் கத்தவும் முடியவில்லை. வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

கோவை மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியிருந்தது. அது நொறுங்கியதற்குக் காரணமும் அந்தப் படத்திலேயே தெரிந்தது. மார்பில் தொடங்கிய புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவியிருந்தது.

“இது எப்ப வேணாலும் ஒடைஞ்சிருக்கும். தும்முனாக்கூட ஒடைஞ்சிருக்கும். வண்டியால வந்ததுன்னு நெனைக்காதீங்க” என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

யுவன் தலையாட்டினான். ஆனால் அவன் காதில் அந்த ‘டொக்’ மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே காரைக் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினான். பைக்கில் யூனிட்டுக்குப் போனான், வந்தான். “அந்தச் சனியனை வித்துத் தொலை” என்று திருமூர்த்தி தினமும் ஒரு முறையாவது சொன்னார். யுவன் விற்கவில்லை. அம்மாவைக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகும்போது வீட்டுக் காரைக்கூட அவன் ஓட்டவில்லை. டிரைவரை அழைத்துக்கொண்டு, தான் பின்சீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சாலையில் வரும் ஒவ்வொரு மேட்டுக்கும் முன்பே அவள் தோளைப் பிடித்துக்கொள்வான்.

நான்கு மாதத்தில் சாரதாமணியின் வலி ஓரளவு அடங்கியது. இடுப்பிலிருந்து மார்பு வரை பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார முடிந்தது. நோய் அடங்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். மார்கழியில் ஒரு நாள் மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“உன்ற வண்டிய நல்லாப் பண்ணு கண்ணு. என்னைய அதுல ஒருக்கா கூட்டீட்டுப் போ.”

“அம்மா, வேண்டாம்மா.”

“வேணும். இப்படியே நான் போயிட்டா நீ அந்த ஒரு நாளையே நெனச்சுட்டுக் கெடப்பே. எனக்குத் தெரியாதா உன்னைய? இன்னொரு நாளும் இருக்கோணும்.”

அவன் அழுதான். அவள் அவன் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நஜீமுதீன் பட்டறையில் போய் நின்றான். ‘அன்னைக்கே சொன்னேன்’ என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனான். அவர் அதைச் சொல்லவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டீ வரவழைத்தார்.

“பழைய ஸ்பிரிங்க மாட்டுனா மட்டும் பத்தாதுங்க தம்பி. உயரத்த ஒரு பக்கம், இறுக்கத்த ஒரு பக்கம் தனித்தனியா திருகி வெக்கிற செட்டு இருக்குது. அதப் போடலாம். வண்டிய நாலு விரக்கடை தூக்கிரலாம். ஸ்பிரிங்கு சாஃப்ட்டா வரவழைக்கிறேன். டயரும் கொஞ்சம் உப்பலா மாத்தோணும்.”

செட் வந்துசேரப் பன்னிரண்டு நாள் ஆனது. நஜீமுதீன் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பழையதை எடுத்தபோது, ஷாக் அப்சார்பரின் முட்டு ரப்பர்கள் தூள்தூளாக உதிர்ந்தன. யுவன் அவற்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மெல்ல வாங்கிக் குப்பையில் போட்டார்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, உயரமும் இறுக்கமும் திருகி வைக்கும் நேரத்தில் அவர் கேட்டார்: “அம்மா என்ன எடை இருப்பாங்க? ஆள் உக்காந்த மாதிரி பாரம் வெச்சுத்தான் பாக்கோணும்.”

“முன்னாடி அறுவத்தெட்டு” என்றான் யுவன். “இப்ப நாப்பத்திரண்டரை.”

யூனிட்டிலிருந்து ஒரு நூல் மூட்டை கொண்டுவரச் சொன்னார்கள். மூட்டைக்கு அறுபது கிலோ, நூல் சுற்றிய இருபத்துநாலு கோன். ஏழு கோனை எடுத்துவிட்டால் சரியாக அம்மாவின் எடை. பதினேழு கோன் இருந்த மூட்டையை யுவன் கட்டித் தூக்கினான். தினமும் தூக்குகிற மூட்டைதான். ஆனால் அது இவ்வளவு லேசாக வந்ததும் அவனால் நடக்க முடியவில்லை. மூட்டையை மார்போடு அணைத்தபடி பட்டறை நடுவில் நின்றுவிட்டான். நஜீமுதீன் வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டார். இருவருமாக அதை இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார்கள்.

மூன்று நாள் அந்த மூட்டையோடு ஓட்டிப் பார்த்தார்கள். தாராபுரம் வரைக்கும் முப்பத்தோரு வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் பிறகு நஜீமுதீன் இறங்கி ஒரு திருகு கூட்டுவார், ஒரு திருகு குறைப்பார். கடைசி நாள் அவரே பக்கத்து இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்து வந்தார். திரும்பி வந்து, “கூட்டீட்டுப் போங்க தம்பி” என்றார்.

பொங்கல் முடிந்த வாரம், காலை வெயில் சுடாத நேரத்தில் கிளம்பினார்கள். திருமூர்த்தி வாசலில் நின்று கத்தினார். “ஒருக்கா பட்டது பத்தாதா? இன்னைக்கு இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா...” சாரதாமணி அவரைப் பார்த்து, “நாந்தானுங்க கேட்டேன். உடுங்க” என்றாள். யுவன் அவளைக் குழந்தையைப் போலத் தூக்கி இருக்கையில் வைத்தான்.

முதல் வேகத்தடைக்கு முன் அவன் வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே விட்டான். சாரதாமணி கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டாள். முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“அவ்வளவுதாம்மா.”

“நல்லா இருக்குது சாமி.” பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவளிடமிருந்து பேச்சு வரவில்லை. யுவன் பயந்து திரும்பிப் பார்த்தான். தூங்கிக்கொண்டிருந்தாள். ஆவணியிலிருந்து மாத்திரை போட்டும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்காதவள், தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கினாள். நிறுத்தினால் விழித்துக்கொள்வாள் என்று அவன் நிறுத்தவில்லை. தாராபுரம் வந்தது. அமராவதிப் பாலத்தைத் தாண்டினான். அங்கிருந்து சுற்றி வெள்ளகோவில் போனான், காங்கேயம் வந்தான். செல்போன் பதினோரு முறை அதிர்ந்தது. அப்பாதான். எடுக்கவில்லை. நாற்பதுக்கு மேல் வேகம் கூட்டவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மதியம் ஆகியிருந்தது. திருமூர்த்தி கேட்டைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார். கண்ணாடி வழியே மனைவி தூங்குவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நெடுநேரம் பார்த்துவிட்டு, “எஞ்சின ஆஃப் பண்ணாதே” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு இரண்டு முறை அவளை அழைத்துப் போனான். மூன்றாவது முறை அவளால் உட்கார முடியவில்லை. பங்குனி பிறந்து ஆறாம் நாள் விடிகாலை சாரதாமணி இறந்துபோனாள்.

காரியங்கள் முடிந்து பத்து நாள் கழித்து யூனிட்டில் ஒரு மதியம் மின்சாரம் போனது. மெஷின்கள் நின்றதும் வந்த அமைதியில் திருமூர்த்தி நூல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். யுவன் எதிரே நின்றுகொண்டிருந்தான்.

“முதுகு வலிக்குதுன்னு உங்கம்மா சித்திரையிலயே எங்கிட்ட சொன்னா” என்றார் அவர், தலை நிமிராமல். “அந்த ஆர்டர் போகட்டும், அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நாந்தான் சொன்னேன். அது முடிஞ்சு அடுத்த ஆர்டர் வந்துது. நாலு மாசம். அவ மறுபடி கேக்கவே இல்ல. உங்கிட்டச் சொல்லாதீங்கன்னா.”

யுவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. சனியன், சனியன் என்று அவர் தினமும் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. அவர் காலருகே தரையில் கண்ணீர் சொட்டுவதைப் பார்த்தான். அந்த மனிதர் அழுது அவன் பார்த்ததில்லை. மயானத்திலும் அழவில்லை.

“டாக்டர் சொன்னாருல்லங்கப்பா, எப்படியும் ஒடைஞ்சிருக்கும்னு” என்றான். தான் நம்பாத அதே வார்த்தையை அப்பாவுக்காகச் சொன்னான்.

அவரும் நம்பவில்லை. ஆனாலும் “ஆமா, சொன்னாரு” என்றார்.

மின்சாரம் வந்தது. மூன்றாம் நம்பர் மெஷினில் நூல் அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தது. திருமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போனார்.