அவள் சொன்ன நாடகங்கள்

அரங்கம் சிரித்து ஓய்ந்த பிறகுதான் என் தோழி சிரித்தாள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி முறைத்தார். மேடையில் அதற்குள் காட்சி மாறி, ஒரு தாய் அழ ஆரம்பித்திருந்தாள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அவளோ எதையும் பொருட்படுத்தாமல், நடிகர்களின் வாயை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு நான் பார்த்த முதல் நாடகம் அது. அதற்கு முன் அவள் பார்த்த நாடகங்களையெல்லாம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கேட்டிருக்கிறேன்.

இருவருக்கும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை. வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்கள் செய்கிற இடம். தகடுகளை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் அவள் இருந்தாள். அங்கிருந்து வருவதில் நொட்டை சொல்லும் பிரிவில் நான். அவள் திருப்பாச்சூரில் ஏறி இடம் பிடித்து வைத்திருப்பாள், நான் திருவள்ளூரில் ஏறிக்கொள்வேன். எப்போதும் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு என் வலப்பக்கம் உட்கார்ந்துகொள்வாள். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்குப் புத்தகம் படிக்கப் பொறுமை கிடையாது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கறி எடுக்கிற நாளில் எங்கள் வீட்டு அடுப்படி என்னை விடாது. அவள் கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டில் இருந்தவள். ஒரு மே தினத்தன்று கம்பெனி வாசலில் யாரோ போட்ட நாடகத்தைப் பார்த்ததிலிருந்து பித்துப் பிடித்து, எங்கே நாடகம் என்றாலும் சென்னைக்கு ரயிலேறிவிடுவாள். ஆகவே பங்கு பிரித்துக்கொண்டோம். நான் படித்ததை அவளுக்குச் சொல்வேன், அவள் பார்த்ததை எனக்குச் சொல்வாள். பெரியபாளையம் வரை புத்தகம், அதைத் தாண்டினால் நாடகம்.

கேட்டதை அன்றன்றே டைரியில் எழுதிவைப்பது அவள் ஏற்படுத்திய வழக்கம். தகடு சப்ளை செய்கிறவர்கள் வருடப் பிறப்புக்குத் தரும் தடித்த டைரிகள் அதற்கு உதவின. சனிக்கிழமை டைரிகளை மாற்றிக்கொண்டு திங்கட்கிழமை திருப்பித் தருவோம். அவள் டைரியில் நான் சொன்ன நாவல்கள் அடையாளம் தெரியாமல் கிடக்கும். நான் சாகடித்துவிட்டு வந்த படகோட்டி அங்கே உயிரோடு இருந்து, மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பான். கவனக்குறைவு என்று நினைத்து, வாத்தியாரம்மா மாதிரி சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பேன். திட்டினாலும் சிரிப்பாள். ஆனால் நாடகம் சொல்லும்போது அவளை மிஞ்ச ஆளில்லை. எத்தனையோ நாள் பஸ்ஸைவிட்டு இறங்க மனமில்லாமல் இறங்கியிருக்கிறேன்.

என் பையன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகுதான் எனக்கு ஒரு ஞாயிறு வாய்த்தது. பிற்பகல் காட்சி. ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். அப்பா செத்த பிறகு அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணனும் தம்பியும் சண்டை போடுகிறார்கள். அம்மாவின் துணிப்பையை இவன் அவன் பக்கம் தள்ள, அவன் இவன் பக்கம் தள்ள, பை மேடை முழுக்க அலைகிறது.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் அவள் முந்திக்கொண்டாள். பழக்கதோஷத்தில், கூடவே உட்கார்ந்து பார்த்த எனக்கே நாடகத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொன்னதில் அண்ணன், “அம்மாவ நான்தான் கூட்டினு போவேன்” என்றான். தம்பி, “உங்கூட்டுல அவளுக்குப் புடிச்ச மாதிரி ஆக்கிப் போட ஆளு ஏது” என்றான். இரண்டு பேரும் அம்மாவுக்காக அந்தப் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் பார்த்த அதே பை, அதே இழுபறி. பேச்சு மட்டும் ஒரு வார்த்தைகூட மேடையில் இல்லாதது.

“அம்மாவ வச்சிக்க மாட்டேன்னு இல்ல சண்ட போட்டானுங்க?” என்றேன்.

அவள் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனாள். என்றைக்கும் இல்லாமல் அன்று நான் அவளுடைய வலது பக்கம் இருந்தேன். நான் கேட்டது அவள் காதில் விழவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து அவளை நகர்த்திவிட்டு இடது பக்கம் உட்கார்ந்து, அதையே மறுபடி கேட்டேன். பேச்சை நிறுத்தினாள். வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

“வலது சுத்தமா போயி ரொம்ப நாளாச்சி,” என்றாள். “இடதுலயும் பாதிதான். உங்கிட்ட சொன்னா இன்னா பண்ணுவ? பாவம் அவளுக்கு எதுக்கு பேஜாருன்னு கம்முனு வருவ. கத சொல்றத நிறுத்திடுவ. எனக்குன்னு அது ஒண்ணுதான் கீது.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் கட்டிவிட்ட நாடகங்களுக்காக இல்லை, என்னை அவ்வளவுதான் எடைபோட்டிருந்தாளே என்றுதான். கம்பெனியில் நடக்கிற காதுப் பரிசோதனையில்கூட, பொத்தானை அழுத்துகிறவர் கையைப் பார்த்தே தலையாட்டித் தப்பித்திருக்கிறாள். அந்த வாரமே லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிரஸ் சத்தம் தின்ற காது திரும்ப வராது, மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர். இடது காதுக்கு மெஷின் வந்தது. அவளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மெஷின் வரும்வரை நான் கதையை நிறுத்தவில்லை. அவளுக்குக் கேட்கிற அளவுக்குக் கத்திச் சொன்னேன். இரண்டே வாரத்தில் பின்சீட்டுக்காரர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஒருநாள் தொண்டை கட்டிப் பேசாமல் வந்தபோது, “கதையில அந்தப் பொண்ணு இன்னா ஆச்சின்னு சொல்லிட்டாவது கம்முனு இரும்மா,” என்றார் டிரைவர்.

போன மாதம் மறுபடி நாடகத்துக்குப் போனோம். எல்லோரும் சிரித்தபோது அவளும் சிரித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரயிலில் அவளுடைய இடது பக்கம் வசதியாக உட்கார்ந்துகொண்டு, சொல்லடி என்றேன். சொன்னாள். யார் என்ன பேசினார்கள், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று ஒன்று விடாமல், சிவப்பு மைக்கு வேலையே இல்லாமல் சொன்னாள். எனக்குக் கொட்டாவி வந்தது.

“அதத்தான் நானும் பாத்தேனே,” என்றேன்.

அவள் காதிலிருந்த மெஷினைக் கழற்றிப் பத்திரமாகப் பர்ஸுக்குள் வைத்து மூடிவிட்டு, “இப்ப கேளு,” என்று ஆரம்பித்தாள்.