அதிருப்தித் தீர்மானம்

லண்டன் பிரதமருக்கும் என்னைப் பெற்ற அத்தாவுக்கும் ஒரே சமயத்தில்தான் கெட்ட நேரம் வந்தது. எழுபத்தொன்பதாம் வருஷத் தொடக்கம் அது. அவரை அவருடைய கட்சிக்காரர்களுக்குப் பிடிக்காமல் போனது, இவரை இவருடைய சங்கத்துக்காரர்களுக்கு. பிரதமர் எப்படியோ போகட்டும், அவருக்காக வருத்தப்பட அந்த ஊரில் ஆள் இருந்திருக்கும். அத்தாவுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

செங்கல்பட்டு கடைவீதியில் அத்தாவுக்குச் சாக்கு, கயிறு, வலைநூல் வியாபாரம். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் உள்ள குப்பங்களுக்கு நூல் எங்கள் கடையிலிருந்துதான் போகும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தேர்தல் என்று ஒன்று நடந்ததே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது எழுந்து அவர் பெயரைச் சொல்வார், மற்றவர்கள் கை தட்டுவார்கள், டீ வரும். அம்மா மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு அந்தச் சங்கம்தான் அவருக்குக் குடும்பம் மாதிரி ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் அத்தாவின் சொந்தத் தங்கச்சி மகன். அத்தாவை மாமா என்று கூப்பிட்டே வளர்ந்தவர். கடையிலும் அவர்தான் கூட இருந்தார். பி.ஏ. படித்தவர், ரயில்வே ஸ்டேஷனில் இங்கிலீஷ் பேப்பர் வாங்கிப் படிப்பவர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் லண்டனிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியைக் கேட்டே ஆக வேண்டும் அவருக்கு. அதைக் கேட்காமல் தட்டு முன்னால் உட்கார மாட்டார். அதனால் நாங்களும் கேட்டோம்.

அந்தக் குளிர்காலம் பூராவும் ஒரே பாட்டுத்தான். லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம், தெருவெல்லாம் குப்பை மலை, ஒரு ஊரில் செத்தவர்களின் மையத்தை அடக்கக்கூட ஆள் இல்லை. கூலி ஏற்றித் தரமாட்டேன் என்று பிரதமர் பிடிவாதமாக நின்றார். அவர் கட்சியைப் பெற்று வளர்த்ததே தொழிற்சங்கங்கள்தான், அவர்களே அவருக்கு எதிராக நின்றார்கள். இதற்கு நடுவில் ஏதோ ஒரு வெயில் தீவில் மாநாட்டுக்குப் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்து, அப்படி ஒன்றும் மோசமில்லையே என்கிற மாதிரி பேசிவிட்டார் என்று பேப்பர்கள் கிழித்தன. தினமும் செய்தியில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: பிரதமர் மீது சொந்தக் கட்சியினரே அதிருப்தி.

அத்தாவுக்கு அந்தப் பிரதமரைப் பிடித்திருந்தது. வயசானவர், கத்தாதவர், சிரிக்கிறவர். செய்தி முடிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு சொல்வார்: "பாத்தியா மாப்ள, ஊரே நாறிகினு கீது. ஆனா சொந்தக் கட்சிக்காரன் அவர வுட்டுக் குடுக்கல பாரு."

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். மாமா வேண்டுமென்றே தன்னை நக்கல் பண்ணுகிறார் என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஏனென்றால் அத்தாவுக்கு நக்கல் அதிகம். ஒரு தடவை மாமல்லபுரத்துக் குப்பத்துக்கு நூல் கொடுக்கப் போயிருந்தபோது, கடற்கரையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவருடைய பிரதமரைப் பற்றிக் கேட்கச் சொன்னாராம். என் வீட்டுக்காரர் கேட்டார். வெள்ளைக்காரர் கட்டைவிரலைக் கீழே காட்டினார். "ஒக்காரச் சொல்றாரு மாப்ள, மரியாத தெரிஞ்ச மனுஷன்" என்று அத்தா மணலில் உட்கார்ந்துவிட்டார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம்.

தை மாசக் கடைசியில் எங்கள் கடைவீதியில் வினை பிடித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் கூலி ஏற்றிக் கேட்டார்கள். சங்கத்தைக் கூட்டிப் பேசுவோம் என்று சொல்லியிருக்கலாம். அத்தா டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து அவர்களோடு ஒரு டீ குடித்துவிட்டு, சரி, அடுத்த வாரத்திலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லாக் கடைக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அவருக்கு விட்டுப் போயிருந்தது. வாக்கு வாக்குதான் என்பதால் மற்ற கடைக்காரர்கள் கொடுக்க வேண்டி வந்தது, கொடுத்தார்கள், கொதித்தார்கள். அங்கே ஏற்றித் தராததால் ஒருவருக்கு ஆபத்து, இங்கே ஏற்றித் தந்ததால் ஒருவருக்கு ஆபத்து.

அச்சரப்பாக்கத்துக்காரர் ஒருவர் எங்கள் வீதியில் அரிசி மண்டி வைத்திருந்தார். அவர் மண்டியின் பின்கட்டில் கூட்டம் கூட ஆரம்பித்தது. தலைவர் மாற வேண்டும். ஆனால் எதிரே நின்று சொல்ல ஒருவருக்கும் வாய் இல்லை. பாதிப் பேருக்கு முதல் கடை பிடித்துக் கொடுத்ததே அத்தாதான். கடைசியில் ஒரு தீர்மானம் எழுதிப் படித்துவிடலாம் என்று முடிவாயிற்று. எழுதத் தெரிந்த ஆள் யார்? என் வீட்டுக்காரர்.

அவர் என்னிடம் மறைக்கவில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"சொந்த மாமாவுக்கு எதிரா எழுதுறீங்களே, கை கூசல?" என்று கேட்டேன்.

"மாமாவுக்கு எதிரா இல்ல. தலைவருக்கு எதிரா. லண்டன்ல பாரு, மந்திரியா இருக்கறவனே சொல்றான். வூட்டு ஆளு சொன்னாதான் அதுக்கு மரியாத."

"அத்தாகிட்டயே நேரா சொல்லுங்களேன்."

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். ரெண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

கூட்டத்தில் நடந்ததை இரண்டு வாய் வழியாகக் கேட்டேன். முதலில் வந்தது அத்தா. கையில் பூந்திப் பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு. "உங்க அம்மா இருந்திருக்கணும்மா. மாப்ள எழுதின தமிழ மண்டிக்காரரு படிச்சாரு. சபையே கைய ஒசத்திச்சு. மாப்ள கைதான் மொதல்ல ஒசந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடிச்சி. எழுந்து நின்னு எல்லாருக்கும் நன்றி சொன்னேன். பங்குனி முடியறதுக்குள்ள சதுரங்கப்பட்டினத்து வூட்டுல பிரியாணி, எல்லாரும் வரணும்னு சொல்லிட்டு வந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார், முகம் கறுத்துப்போய். அவர் எழுதிய வாக்கியம் இது: நமது தலைவர் அவர்களின் சமீபகால நடவடிக்கைகள் குறித்து இச்சபை தனது ஆழ்ந்த அதிருப்தியைத் தெரிவித்துக்கொள்கிறது.

"அத கேட்டுட்டு நெஞ்சுல கைய வச்சி நன்றி சொல்றாரு! விருந்துக்குக் கூப்பிடுறாரு! உங்க அத்தா அரசியல்வாதிடி. எங்க எல்லாரையும் ஒரே வார்த்தையில முட்டாளாக்கிட்டாரு."

அரிசி மண்டியிலும் அதே பேச்சுத்தான். ராஜினாமா செய்யாமல் நழுவ அத்தா போட்ட திட்டம் என்று எல்லோரும் நம்பினார்கள். விருந்துக்குப் போகாவிட்டால் பயந்துவிட்டோம் என்று ஆகிவிடும், போய்ச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே நேருக்கு நேராகக் கேட்டுவிடலாம் என்று தயாரானார்கள். எதிரியாக இருந்தால் வீதியில் நின்று கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போவான், அது உடனே புரிந்துவிடும். சொந்த ஆட்கள்தான் நல்ல தமிழாகத் தேடி எடுப்பார்கள்.

விருந்துக்கு முதல் நாள் நானும் அத்தாவும் சதுரங்கப்பட்டினத்து வீட்டுக்குப் போய்விட்டோம். கோட்டைச் சுவருக்குப் பின்பக்கம், கடல் சத்தம் கேட்கும் வீடு. ஆடு வந்து கட்டியாயிற்று, சமைக்க வந்த பண்டாரி அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்தார். டிரான்சிஸ்டரைக் கையோடு கொண்டு வந்திருந்தேன். அன்றைக்குத்தான் லண்டன் பிரதமர் கவிழ்ந்த செய்தி வந்தது. ஒரே ஒரு ஓட்டு. அவர் கட்சி உறுப்பினர் ஒருவர் சாகக் கிடந்தாராம், ஆம்புலன்ஸில் தூக்கி வந்திருந்தால் ஆட்சி நின்றிருக்கும், அந்த மனுஷனை வதைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம்.

அத்தா டிரான்சிஸ்டரை நிறுத்தினார். பிறகு கேட்டார்: "நல்லவன்தாம்மா. சீக்காளிய தூக்கினு வராம வுட்டான் பாரு. ஆனா ஒண்ணு புரியல. அவரு கட்சிக்காரங்க அவர் மேல அவ்ளோ அதிருப்தியா இருந்தாங்களே, தெனமும் ரேடியோவுல சொன்னானே. அப்புறம் எப்படித் தோத்தாரு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நக்கல் இல்லை. நெஜமாகவே கேட்கிறார்.

"அதிருப்தின்னா இன்னா அத்தா?" என்றேன்.

"இன்னாம்மா இப்படிக் கேக்குற. அதி திருப்தி. ரொம்பத் திருப்தி. அதிர்ஷ்டம், அதிசயம், அதிரசம், எல்லாம் நல்ல வார்த்ததானே."

அத்தா குர்ஆன் ஓதப் படித்தவர். கடைக் கணக்குக்கு வேண்டிய தமிழ் தெரியும். செய்தித் தமிழ் அவருக்கு வேறு பாஷை. "கடுப்பு" என்று எழுதியிருந்தால் அந்த நிமிஷமே புரிந்துகொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார். குளிர்காலம் பூராவும் அந்தப் பிரதமரை ஊரே வெறுக்கும்போது சொந்தக்காரர்கள் மட்டும் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அதே மரியாதை தனக்கும் கிடைத்ததாக நினைத்து ஆடு வாங்கிக் கட்டியிருக்கிறார்.

சொல்லாமல் இருக்கலாமா என்று நினைத்தேன். நாளைக்குச் சபையில், பிரியாணி தின்ற வாயால் மண்டிக்காரர் கேட்கப்போகிறார். அத்தா அப்போதும் சிரித்தால் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. சொல்லிவிட்டேன். அந்த 'அ' இல்லை என்று சொல்கிற 'அ' என்று சொன்னேன். பிடிக்கவில்லை என்று அர்த்தம் என்றேன். தலைவராக நீங்கள் வேண்டாம் என்று அர்த்தம் என்றேன்.

அத்தா கோபப்படவில்லை. விரலால் பாயை நெருடிக்கொண்டே இருந்தார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மாப்ள கைதானேம்மா மொதல்ல ஒசந்துச்சு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சபையே வேண்டாம் என்றது அவருக்குப் பெரிசாகத் தெரியவில்லை. நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மாசமாகச் சந்தோஷப்பட்ட அந்த ஒரு கைதான் அவரை அறுத்தது. அந்தக் கைக்காரர் என் புருஷன். ஆளை அனுப்பி விருந்தை நிறுத்திவிடலாம், யாரும் வர வேண்டாம் என்று கத்தினேன். உங்களுக்காக நான் அவரையும் வர வேண்டாம் என்பேன் என்றேன்.

"கூப்ட்டாச்சு. சோறு போடணும்" என்றார் அத்தா. "நீ உன் வாழ்க்கையில இத இஸ்துனு வராத."

மறுநாள் ஜும்மா முடிந்து வேனில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். மண்டிக்காரர் முகம் இறுகி இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. பந்தலில் எல்லோரும் உட்கார்ந்ததும், சோறு வருவதற்கு முன்னாலேயே அத்தா எழுந்து நின்றார். நான் உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"நீங்க சொன்னது எனக்கு நேத்துதான் புரிஞ்சுது" என்றார். "தமிழ் தெரியாதவன், மன்னிச்சிக்கங்க. லண்டன்காரரு ஒரு ஓட்டுலதான் தோத்தாரு. நான் மொத்தத்துலயும் தோத்துட்டேன். நாளையிலேர்ந்து வேற தலைவரப் பாத்துக்குங்க. இப்ப சாப்பிடுங்க, சோறு ஆறிடும்."

மண்டிக்காரர் எதையோ சொல்ல எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்கெல்லாம் அப்போதுதான் விளங்கியது, கூட்டத்தில் அத்தா நக்கல் பண்ணவில்லை என்று. கேள்வி கேட்கத் தயாராக வந்தவர்கள் இலையைப் பார்த்தபடி குனிந்துகொண்டார்கள்.

மற்றவர்களுக்கு இலையில் பரிமாறினார்கள், எங்கள் ஆட்களுக்குச் சஹன் வந்தது. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். விருந்து கொடுக்கிறவர் உட்கார வேண்டியதில்லை, நின்று பரிமாறினாலே போதும். அத்தா நேராகப் போய் என் வீட்டுக்காரர் இருந்த சஹனில் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிச் சோற்றைப் பிரித்தார். உள்ளேயிருந்த நல்ல கறித்துண்டாக எடுத்து, மாப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி, அவர் பக்கத்துக்குத் தள்ளி வைத்தார்.

என் வீட்டுக்காரரின் வலது கை சோற்றில் பட்டபடி அப்படியே நின்றுவிட்டது. கண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கக்கூட இல்லை.

"சாப்டு மாப்ள" என்றார் அத்தா. "கை காஞ்சி போவுது பாரு."