சூரியன் மங்கிய வருஷமும் இஷ் கனுலின் வாயும்

எங்கள் பக்கத்தில் தேனீயை ஈ என்று சொன்னால் முறைப்பார்கள். அம்மணி என்றுதான் சொல்ல வேண்டும். கொடுக்கே இல்லாத, கொட்டத் தெரியாத சாதுதான், ஆனால் மகா ரோஷக்காரி. அவள் குடியிருக்கும் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் கூட்டத்தோடு கிளம்பிப் போய்விடுவாள் என்பது எங்கள் யுகாத்தான் சீமையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தேன் எடுக்கும்போது தப்பித் தவறி ஒரு அம்மணி செத்தால், இலையில் சுற்றி மண்ணில் புதைத்துவிட்டுத்தான் மறுவேலை.

இப்படிப்பட்ட ஊரில், ஊரிலேயே நல்ல தேன்கூடுகள் யாரிடம் இருந்தன என்கிறீர்கள்? இஷ் கனுலிடம். ஊரிலேயே பெரிய வாயும் அவளுக்குத்தான். கிணற்றடியில் அவள் வாயைத் திறந்தால் சோளக்காட்டில் இருக்கும் புருஷன் கவிச்சுக்குக் கேட்கும். அவனைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது விடியாது. திட்டு வாங்காமல் அவனுக்குக் கஞ்சி இறங்காது. அவள் கூரைக்கடியில் அடுக்கியிருந்த குடைந்த மரத்துண்டுகளில் அம்மணிகள் தங்கள் பாட்டுக்குத் தேன் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதெப்படி என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தேன் வந்துகொண்டிருக்கும்வரை யார் கேட்பார்கள்?

அப்புறம் அந்த வருஷம் வந்தது. வெள்ளைக்காரர் கணக்கில் ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தெட்டு. சூரியன் எழும்பும், ஆனால் ஆறிப்போன கஞ்சியில் ஆடை படிந்த மாதிரி மங்கலாக நிற்கும். நடுப்பகலில் அதை வெறும் கண்ணால் பார்க்கலாம். பூ வைக்க வேண்டிய மரங்கள் பூ வைக்கவில்லை. சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. இஷ் கனுலின் கூடுகள் ஒவ்வொன்றாக அடங்கின.

ஊர் உடனே கண்டுபிடித்துவிட்டது.

"எல்லாம் அவ வாயாலதான்" என்றாள் கிணற்றடியில் ஒருத்தி. "அம்மணிங்க எத்தனை காலம்தான் பொறுப்பாங்க?"

மழைச்சாமிக்குப் படைக்கும் மதுவுக்குத் தேன் வேண்டும். பூசாரி நேராக அவள் வீட்டுக்கே வந்தார்.

"இந்தா பாரு கனுல், மழைப்பூசை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அம்மணிங்க அடங்கிப்போறது நிக்கலேன்னா, மிச்சம் இருக்கிற கூட்டையெல்லாம் இஷ் துன் வீட்டுக்கு மாத்திருவேன். அவ வாயத் தொறந்து யாராச்சும் பாத்திருக்கீங்களா?"

இஷ் துன் அடுத்த வீட்டுக்காரி, பூனை மாதிரி பேசுகிறவள். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "எனக்கு எதுக்குங்க, அக்காகிட்டயே இருக்கட்டும்" என்றாள். அதுவும் பூசாரி காதில் விழாத அளவுக்கு மெதுவாக.

அந்தக் கூடுகள் இஷ் கனுலின் அம்மா கொடுத்தவை. கல்யாணத்தன்று மகளோடு சேர்த்து அனுப்பியவை. அவளுக்குப் பிள்ளை இல்லை. அம்மணிகள்தான் எல்லாம். அன்றைக்கு அவள் வாயை மூடினாள்.

மூடினாள் என்றால் மூடினாள்! அம்மியில் சோளம் அரைத்தாள், அப்பம் சுட்டாள், கவிச்சின் முன்னால் வைத்தாள், எல்லாம் ஊமையாய். வான்கோழி வந்து சோளத்தைக் கொத்தினால் கையை மட்டும் ஆட்டினாள். முதல் சில நாள் கவிச்சுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு சாப்பாடு தொண்டையில் நின்றது.

"அடியே, மிளகாய் அதிகமாயிருச்சு" என்று வேண்டுமென்றே வம்பிழுத்துப் பார்த்தான். அவள் மிளகாயைக் குறைத்தாள், அவ்வளவுதான்.

தினமும் காலையில் கூட்டுக்கடியில் விழுந்து கிடந்த அம்மணிகளைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் இலையில் சுற்றிப் புதைத்தாள். வாயைக் கட்டியும் அவர்கள் சாவது நிற்கவில்லை. பழைய சண்டை இன்னும் அவர்கள் காதில் ஒலிக்கிறதோ என்னவோ என்று நினைத்தாள் பாவம்.

அவளுக்கு என்ன தெரியும்? அதே வருஷம் லண்டனில் பயிர் கெட்டு ஜனங்கள் பசியில் செத்தார்கள். ஜப்பானில் பஞ்சம். பாக்தாத் நகரம் குதிரைப்படையின் காலடியில் அழிந்தது, அது வேறு காரணம், வேறு பாவம். முந்தைய வருஷம் எங்கோ லொம்பொக் என்ற தீவில் ஒரு மலை வெடித்து உலகத்து வானத்தையே மறைத்துவிட்டது என்று இப்போது படித்தவர்கள் சொல்கிறார்கள். அப்போது யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு ஊரிலும் வெயில் வராததற்கு ஒரு இஷ் கனுலைப் பிடித்திருப்பார்கள்.

மழைப்பூசை நாள் வந்தது. ஒரே ஒரு கூட்டில்தான் உயிர் இருந்தது. பூசாரி ஆட்களோடு வந்து அதைத் தூக்கச் சொன்னார். இஷ் கனுல் கூட்டைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். அப்போதும் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரையிலிருந்து உப்பு விற்க வரும் எக் என்பவன் மூட்டையோடு வந்து சேர்ந்தான். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் போகிற ஆள் இல்லை அவன்.

"என்ன மதினி, சத்தத்தையே காணோம்? ஊரு மாறி வந்துட்டேனோன்னு நெனச்சேன்!"

பூசாரி விஷயத்தைச் சொன்னார். எக் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அம்மணிங்களா? கரை நெடுக எங்கயுமே இல்லையே சாமி. எங்க ஊர்ல ஊமைக் கிழவரும் ஊமைக் கிழவியும் இருக்காங்க, பொறந்ததுலேர்ந்து ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்ல. அவங்க கூடுங்கதான் மொதல்ல காலியாச்சு. அவங்க என்னத்த சண்டை போட்டாங்களாம்?"

தூக்க வந்த ஆட்கள் கையை எடுத்துவிட்டார்கள். பூசாரி வானத்தைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார், பூசைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மன்னிப்பா? அதெல்லாம் எந்த ஊர்ப் பூசாரி கேட்டிருக்கிறார்?

எல்லாரும் போனபிறகு கவிச் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பேசு புள்ள. இப்பதான் உன்மேல பழி எதுவும் இல்லையே. திட்டேன் என்னைய."

அவள் வாயைத் திறந்தாள். குரல் உடைந்து வந்தது.

"ஊரு சொன்னதுகூட வலிக்கல. அம்மணிங்க அத்தனை பேரையும் எங்கையால பொதச்சேன். நாந்தான் கொன்னேன்னு நெனச்சே பொதச்சேன்யா."

கவிச் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ என்ன செஞ்ச? ம்? பக்கத்துல உக்காந்து தின்னுக்கிட்டே இருந்தியே, இவ இல்ல காரணம்னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொன்னியா? மிளகாய் அதிகமாம் மிளகாய்! நீயும் நம்பினதானே? சொல்லுய்யா கல்லுளிமங்கா, நம்பினியா இல்லியா?"

"நம்பினேன்" என்றான் அவன்.

அப்போது கிளம்பியது பாருங்கள் அவள் குரல்! கிணற்றடியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். இஷ் துன் வேலியோரம் வந்து நின்று அழுதாள். கவிச் பரம்பரை மொத்தத்தையும் இழுத்து, பூசாரியை இழுத்து, வராத வெயிலையும் இழுத்துத் திட்டினாள் இஷ் கனுல், கடைசிக் கூட்டின் மேல் வைத்த கையை எடுக்காமல்.

அந்தக் கூட்டின் வாசல் துளையில் எப்போதும் ஒரு காவல்கார அம்மணி தலையை நீட்டிக்கொண்டு இருப்பாள். அத்தனை சண்டையிலும் அன்றைக்கு முழுக்க அவள் அங்கேயேதான் இருந்தாள்.