யாரையும் திருப்பி அனுப்பாத பல்கலைக்கழகம்

நோர்வேயில் நான் பள்ளிப் படிப்பை முடிக்கவிருந்த வருடம், அமெரிக்காவில் இருந்த சித்தப்பா தொலைபேசியில் அப்பாவைக் கலங்கடித்துவிட்டார். அவருடைய மகனும் அந்த வருடம்தான் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, பிள்ளைக்குச் சேஃப்டி ஸ்கூல் எது?"

வேறெங்கும் இடம் கிடைக்காவிட்டாலும் இங்கே கட்டாயம் கிடைக்கும் என்று நம்பிப் போடுகிற இடத்துக்கு அங்கே அப்படிப் பெயராம். பெரும்பாலும் அது அரசாங்கப் பல்கலைக்கழகமாக இருக்குமாம்.

"இஞ்சை எல்லாமே அரசாங்கத்தின்ரைதானே," என்றார் அப்பா. "அப்ப எல்லாம் சேஃப்டி."

"அப்பிடியில்லை அண்ணை. எல்லாம் அரசாங்கமெண்டால் ஒண்டுமே சேஃப்டி இல்லை."

அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நோர்வேயில் விண்ணப்பம் ஒன்றுதான். விரும்பும் படிப்புகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், நம் புள்ளிகளுக்கு எட்டுகிற முதலாவது இடத்தைத் தருவார்கள். என் வரிசையில் முதல் மூன்றும் மருத்துவம், மூன்று நகரங்களில். அது எனக்கு எட்டாது என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். கடைசி வரியில் எங்கள் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் நிலவியலைப் போட்டிருந்தேன். கல்லையும் மலையையும் பற்றிய படிப்பு என்பதற்கு மேல் எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது.

அது சேஃப்டியா என்று அறிய அப்பா முதலில் போனது மேல்மாடி அண்ணையிடம். அவர் நிலக்கீழ் ரயில் சாரதி.

"காலமை எட்டு மணிக்குப் பல்கலைக்கழக ஸ்டேசனிலை பெட்டி முழுக்கக் காலியாகுது. அவ்வளவு சனம். சேஃப்டியெண்டு சொல்லேலாது."

"பத்து மணிக்கு?"

"பத்துக்குக் குறைவுதான்."

அப்பா இதையெல்லாம் நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். ஒரு கிழமை இப்படிப் போனது. அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இஞ்சாருங்கோ, அங்கையே போன் பண்ணிக் கேளுங்கோவன்!"

அப்பா போன் எடுத்து, நாங்களும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினார். அனுமதி அலுவலகத்தில் ஒரு பெண் பேசினார். அப்பா தன் பேக்கரி வேலையில் பழகிய நோர்வேஜிய மொழியில், போன வருடம் நிலவியலுக்கு எத்தனை பேரை எடுத்தீர்கள் என்று கேட்டார்.

"தகுதியுள்ள எல்லாரையும் எடுத்தோம்."

"ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பவில்லையா?"

"இல்லை. இடம் மிச்சமாகவே இருந்தது."

அப்பா மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "இந்த வருடம் கொஞ்சப் பேரையாவது திருப்பி அனுப்பமாட்டீர்களா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அது எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது," என்றார்.

அப்பா போனை வைத்தார். "கேக்கிற எல்லாரையும் எடுக்கிற இடத்துக்கோ என்ரை பிள்ளை போறது? சனம் என்ன கதைக்கும்?"

"சேஃப்டி வேணுமெண்டு நிண்டதும் நீங்கள்தான்," என்றார் அம்மா.

"சேஃப்டி வேணும்தான். ஆனா மரியாதையான சேஃப்டியா இருக்கவேணும்."

அடுத்த சனிக்கிழமையே நிலவியலுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார். தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரைத் தேநீர் மேசையருகே மறித்து, "எண்ணெய் எங்கை கிடக்கு? கல்லுக்குள்ளை. இனி நிலவியல்தான். சும்மா கடைசியிலை போட்டுவிடுங்கோ, நட்டமில்லை," என்றார். நாங்கள் குடியிருந்த புருசெத் பகுதியில் எங்கள் தொடர்மாடியில் அவர் ஏறாத படி இல்லை. மேல்மாடி அண்ணையின் மகள் இதைக் கேட்டுவிட்டு, நிலவியலை முதல் வரியிலேயே போட்டாள்.

ஜூலையில் முடிவு வந்தது. மருத்துவம் மூன்றும் இல்லை. நிலவியலுக்கும் அந்த வருடம் கேட்டவர்கள் அதிகம். நான் காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது.

"பாத்தியே!" என்று அப்பா எழுந்தே விட்டார். "இப்ப அவை ஆக்களைத் திருப்பி அனுப்புகினம்!"

"என்னைத்தான் அப்பா அனுப்பினவை."

அவர் மெல்ல உட்கார்ந்தார். அம்மா குசினிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கே அவர் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மறுநாளிலிருந்து அப்பா அதே படிகளில் மறுபடி ஏறினார். இடம் கிடைத்தவர்களிடம், கல்லில் ஒன்றுமில்லை, கண் கெட்டுப்போகும், மழையில் நிற்கவேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். மேல்மாடி வீட்டுப் பிள்ளை கதவைத் திறந்தபோது கையில் புத்தகப் பட்டியல் இருந்ததாம்.

"மாமா, நீங்கள்தானே நல்ல படிப்பெண்டு சொன்னனீங்கள்?"

"ஓம் பிள்ளை, சொன்னனான்," என்றுவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

ஓகஸ்டில் சிலர் வேறு ஊர்களுக்குப் போக, பட்டியல் நகர்ந்தது. வகுப்புத் தொடங்கி நான்காம் நாள் எனக்கு இடம் கிடைத்தது. முதல் வாரங்களில் நான் வெட்கத்தோடுதான் போய்வந்தேன். பிறகு ஒருநாள் எங்களை மலைப்பக்கம் கூட்டிப்போனார்கள். மேல்மாடி வீட்டுப் பிள்ளையும் நானும் ஒரே குடையின் கீழ், காலையிலிருந்து மாலைவரை ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கால் விறைத்துவிட்டது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சொன்னால் அப்பா மறுபடி படியேறத் தொடங்கிவிடுவார் என்ற பயத்தில், அதை வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.