மயிலிறகுப் பூச்சி கட்டிய முனிரத்தினம்

முனிரத்தினம் இறந்துவிட்டார். இன்று விடியற்காலை, திருப்பதி ஆஸ்பத்திரியில். மகள் கௌரி போன் செய்தாள்.

சித்தூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். உங்களில் பலர் வீட்டு பம்ப்செட் ஒருமுறையாவது அவர் கையில் பிரிந்திருக்கும்... எனக்கு அவர் மீன்பிடித் துணை.

ரிட்டயர் ஆன பிறகு எனக்கு ஒரு கிறுக்கு. நீலகிரி ஓடைகளில் இருக்கும் டிரவுட் மீனைப் பிடிக்க வேண்டும். புழு வைத்து அல்ல, தண்ணீருக்கு அடியில் வாழும் பூச்சிக் குஞ்சு போலவே ஒன்றைக் கொக்கியில் கட்டிப் பிடிக்க வேண்டும். நிம்ஃப் என்பார்கள்.

முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன். அந்தப் பூச்சியைப் பற்றி எல்லாம் தெரியும், கட்டத்தான் தெரியாது. மெல்லிய செம்புக் கம்பி கேட்டு அவர் கடைக்குப் போனேன்.

"எதுக்கு சார்?"

"பூச்சி செய்யணும்."

"பூச்சிக்கு மருந்து அடிக்கிறவங்களப் பாத்துருக்கேன். பூச்சி செய்றேன்னு வந்தவர் நீங்கதான் சார் மொதல்ல."

ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாகக் கட்டினார். எடைக்காகக் கொக்கித் தண்டில் சால்டரிங் ஈயம் ஏழு சுற்று. அதன் மேல் மயிலிறகு இழை. அதை இறுக்கச் செம்புக் கம்பி. நான் ஒவ்வொரு சுற்றையும் நோட்டில் எழுதுவேன். அவர் இருவரும் கட்டியதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்.

"உங்களுது செத்து விழுது சார். உயிரோட முங்கணும்."

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு அவருடையதைப் போட்டார். தலைகுப்புற, எதையோ தேடிக்கொண்டு போவது போல இறங்கியது... டம்ளரைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

ஓடையில் நிம்ஃப் கண்ணுக்குத் தெரியாது. நூலைத்தான் பார்க்க வேண்டும். ஓடுகிற நூல் ஒரு கணம் நின்றால் உடனே தூக்க வேண்டும். நான் கல்லா மீனா என்று யோசிப்பேன்.

"கேட்டுக்கினு நின்னா மீன் பதில் சொல்லுமா சார்?"

ஐந்து பயணத்தில் எனக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை.

ஐந்தாவது பயணத்தில்தான் அது நடந்தது. பிற்பகல். அவர் நாற்பதடி தள்ளி, முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். பனிமூட்டம் இறங்கியது. ஆள் தெரியவில்லை. ஓடைச் சத்தம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது.

கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. சத்தம் போட்டால் மீன் ஓடிவிடும்... அவர் சிரிப்பார்... என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. கால் மணி நேரம் அப்படியே நின்றேன்.

பனிக்குள்ளிருந்து வந்தார். தலை முதல் கால் வரை ஈரம். கையில் தூண்டில் இல்லை.

"கால் வழுக்கி மடுவுல முங்கிட்டேன் சார். எந்தப் பக்கம் கரைன்னே தெரியல. நல்ல வேளை, நீங்க கூப்டுக்கினே இருந்தீங்க. அந்தக் குரலப் புடிச்சிக்கினு ஏறிட்டேன்."

நான் கூப்பிடவில்லை. ஒரு தடவைகூட.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன், சொல்லவில்லை. காட்பாடி வருவதற்குள் ரயிலில் இரண்டு பேரிடம், "சார் கூப்டலன்னா இன்னிக்கு நான் இல்ல" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனதும் கௌரி என் காலைத் தொட்டாள்.

அதற்கப்புறம் அவர் மலைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கடைக்குப் போவேன், சொல்ல வாயெடுப்பேன், டீ குடித்துவிட்டு வருவேன். இரண்டு வருடம் இப்படியே.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து திருப்பதிக்கு பஸ் ஏறினேன். இதய நோய் வார்டு. கௌரி மருந்து வாங்கப் போயிருந்தாள். சொல்லிவிட்டேன்.

"முனிரத்தினம், அன்னைக்கு நான் கூப்பிடவே இல்லை."

சிரித்தார். "தெரியும் சார். உங்களுக்கு அவ்ளோ சத்தம் எங்க வரும்?"

"எப்போலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்கேதான். கரைக்கு வந்து உங்களப் பாத்தேன். வாய மூடிக்கினு நின்னுக்கினு இருந்தீங்க. குரல் அப்பவும் என் பின்னாடி மடுவுலேர்ந்து கேட்டுக்கினே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் நான்தான்னு..."

"வேற யார்னு சொல்றது சார்? உங்க குரல்தான அது."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, ஏதோ கடைக்குப் போகலாமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"நேத்திலேர்ந்து மறுபடியும் கூப்டுது. நீங்களே வந்துட்டீங்க. சொல்லுங்க... போவட்டா, வேணாமா?"

நான் யோசித்தேன். எப்போதும் போல. பதில் சொல்வதற்குள் கௌரி மருந்துப் பையுடன் வந்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கௌரி, நீ இதைப் படிப்பாய். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. நீ எனக்குச் சொன்ன நன்றி எனக்கு உரியதல்ல.

நாளை காலை சித்தூர் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய் வாருங்கள், முனிரத்தினம். கூப்பிட்டது நான் இல்லை.