நாற்பத்தொன்று மிச்சம்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை பார்த்தேன். வாயை வாடகைக்கு விட்டால் பிழைத்துக்கொள்வேன் என்பார்கள்.

பழைய கணக்குப் புத்தகமொன்றில் ஒரு வித்தை கண்டேன். ஓர் எண்ணை அதற்கடுத்த எண்ணால் பெருக்கி நாற்பத்தொன்றைக் கூட்ட வேண்டும். ஒன்றுக்கு நாற்பத்து மூன்று வரும், இரண்டுக்கு நாற்பத்தேழு, மூன்றுக்கு ஐம்பத்து மூன்று. எதுவும் சமபங்காகப் பிரியாது. எல்லாம் பகா எண். முப்பது வரை வகுத்துப் பார்த்துவிட்டு டீக்கடையில் அறிவித்தேன்.

"எவ்வளவு தூரம் போனாலும் பகா எண்தானுங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"அடியில தீஞ்சிருந்தா மேல் சோறு சொல்லுமா மாப்ள?" என்றார் பாய். எங்கள் கட்டிங் மாஸ்டர், என் கூட்டாளி.

"எங்கியாவது ஒடஞ்சா, ஒரு மாசம் இந்தக் கடையில வாயத் தொறக்க மாட்டேனுங்க பாய்."

"அவிநாசியப்பா, ஒடஞ்சே போகட்டும்!" என்று சாமியைக் கும்பிட்டார் கடைக்காரர்.

கரண்ட் போன ஒரு மத்தியானம் பாய் கட்டிங் மேசையில் பனியன் லேபிள்களைப் பரப்பினார். துணி வெட்டுகிறவருக்கு எதையும் விரித்துப் பார்த்தால்தான் புரியும். வரிசைக்கு நாற்பத்தொன்றாக நாற்பது வரிசை; நாற்பதை அதற்கடுத்த எண்ணால் பெருக்கிய கணக்கு. கூட்ட வேண்டிய நாற்பத்தொன்றும் கையில் இருந்தது.

"மிச்சத்த வீசற பழக்கம் நமக்கில்லீங்களே" என்று அதையும் கீழே ஒரு வரிசையாக அடுக்கினார். மேசையில் நாற்பத்தொரு வரிசை, வரிசைக்கு நாற்பத்தொன்று. ஒரு பிசிறில்லை. என் எண் சமபங்காகப் பிரிந்து கிடந்தது.

தவளை தன் வாயால் கெட்டது. மறுநாள் முதல் விரலைக் காட்டித்தான் டீ கேட்டேன். பேச்சில்லாத நேரத்தில் மனசுக்குள் கணக்கு ஓடியது. அடுத்த எண்ணும் உடைந்தது, அதற்கடுத்தது உடையவில்லை. அப்புறம் உடைவதும் நிற்பதுமாகவே போனது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, பாய் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"பேசித் தொலைங்க மாப்ள. டீ எறங்க மாட்டேங்குது."

உடைந்த பிறகும் பகா எண்கள் வருகிற கதையைச் சொன்னேன்.

"அப்ப முடிவில்லாம வந்துட்டே இருக்குமுங்களா?"

கடையே என் வாயைப் பார்த்தது. பழமொழி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"தெரியலீங்க பாய்."

"இதுக்கு ரெண்டு டீ போடலாமுங்க" என்றார் கடைக்காரர்.